அச்சாரம் கொடுத்து வாங்கிய மீன்

அக்கா கல்யாணம் முடிந்த மறுவாரம் தேனிலவுக்கு நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்.

மாப்பிள்ளையும் பெண்ணும் போவது உலக வழக்கம். மூன்றாவது ஆள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கொடுத்துவிட்டு, கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறி முதலாளிக்கு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கல்யாணப் பரிசாக வண்டியை மூன்று நாளைக்குக் கொடுத்தார். நானும் வண்டியோடு சேர்ந்த பரிசு.

நான்காவது ஆள் தாய்மாமன். அவர் ஏன் வந்தார் என்றால், கல்யாணத்துக்குப் பின் முதல் பயணத்துக்கு ஆகும் செலவெல்லாம் பெண் வீட்டாருடையது. மாப்பிள்ளை ஒரு சோடாவுக்குக் காசு கொடுத்தால்கூட எங்கள் அப்பா ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் அப்பா பணப்பையை மாமனிடம் கொடுத்தனுப்பினார். மாமன் மாட்டுத் தரகர். அந்தியூர்ச் சந்தையில் முப்பது வருசமாக மாடு பிடித்துக் கொடுப்பவர். அவரை ஏமாற்ற எந்த ஊரிலும் ஆள் பிறக்கவில்லை என்பது அப்பாவின் நம்பிக்கை. மாமனுக்கும் அதே நம்பிக்கைதான், கொஞ்சம் கூடுதலாக.

போன இடம் கேரளத்துக் கோவளம். மாமன் கட்டுச்சோற்றையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு, ஒரு டின் முறுக்கு. முதல் நாள் மத்தியானம் மணலில் உட்கார்ந்து புளிச்சோறு. ராத்திரி லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து புளிச்சோறு. மறுநாளும் அதே. கடற்கரை நெடுக ஓட்டல்கள். தென்னங்கீற்றுக் கூரை, மேசை மேல் துணி, துணி மேல் பூ. ஒவ்வொரு வாசலிலும் மாமன் நின்று விலைப் பலகையை என்னைப் படிக்கச் சொல்வார். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

"டீ, பதினஞ்சு ரூவா."

"பசுமாட்டையே ஓட்டீட்டு வந்து கறந்து குடுப்பானாடா?" என்பார். நடந்துவிடுவோம்.

கடைசி நாள் காலையில் மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுசன். புது மாப்பிள்ளை என்பதால் பேசுவதற்கே கூச்சப்படுவார்.

"உங்கக்காகிட்ட கல்யாணத்துக்கு முந்தியே கேட்டேன், உனக்கென்ன வேணும்னு. கடலப் பாத்துட்டே மேசையில உக்காந்து ஒருவேளை சாப்படோணும்னா. வேற ஒண்ணுமே கேக்கல. மூணு மணிக்கு வண்டி எடுத்தாகோணும். எப்படியாச்சும் பண்ணீரு சாமி."

"நீங்களே கூட்டீட்டுப் போலாமல்லங்க?"

"உங்க மாமா உடுவாரா?"

உடமாட்டார். ஆனால் மாமனை மடக்க ஒரு வழி எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் மூன்றாம் நாள் புளிச்சோற்றைப் பிரிக்கப் போனவரிடம், "ஏனுங்க மாமா, அந்தக் கடைசி ஓட்டல்ல மீனுக்கு வெலையே எழுதுல. படிச்சவங்க யாரு கேட்டாலும் பேசிப் பாத்துத்தான் வாங்கோணுமாமா. நமக்கெல்லாம் ஆகாதுங்க" என்றேன்.

மாமன் தூக்குப்போசியை மூடினார்.

"வெலை எழுதுலன்னா பேசோணும்னுதான்டா அர்த்தம். சந்தையில எந்த மாட்டுக்கு வெலை எழுதி ஒட்டியிருக்குது? நட."

அந்த ஓட்டல் வாசலில் ஒரு பலகை மேல் பனிக்கட்டி பரப்பி, அன்று பிடித்த மீன்களை அடுக்கியிருந்தார்கள். பிடித்ததைக் காட்டினால் பொரித்துக் கொடுப்பார்கள். மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையை ஒரு சுற்றுச் சுற்றினார். பெரிய மீன் ஒன்றின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் தட்டினார்.

"மாட்டுக்குப் பாக்கறாப்புல சுழி பாக்குலீங்களா மாமா?" என்றேன்.

"மசுரு இருந்தாத்தான்டா சுழி இருக்கும்" என்றார், நிஜமாகவே யோசித்துவிட்டு.

பரிமாறுகிற பையன் சிரித்துக்கொண்டே வந்தான். மலையாளத்தான். தமிழும் பேசினான்.

"சாரே, நல்ல மீனு. நானூறு ரூபா."

மாமன் சிரித்தார். அது தரகுச் சிரிப்பு. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பையனின் வலது கைமேல் போட்டு, அடியில் தன் கையை விட்டு அவன் விரல்களைப் பிடித்தார். எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. எத்தனை விரல் பிடிக்கிறோமோ அத்தனை. மாட்டுக்கு ஆயிரக்கணக்கு, கன்றுக்கு நூறு கணக்கு. பிடிக்காதவன் கையை உதறிவிடுவான். உதறாவிட்டால் சம்மதம்.

மாமன் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பையன் உதறவில்லை. திகைத்து ஒரு நொடி மாமன் முகத்தைப் பார்த்தான். பிறகு பிடித்த கையை விடாமல், "வரூ அச்சா, மெல்ல வரூ, படி உண்டு" என்று அவரைப் பத்திரமாக உள்ளே நடத்திப் போய் நாற்காலியில் உட்கார வைத்தான்.

மாமன் முகத்தில் வெற்றி. மடியிலிருந்து பதினொரு ரூபாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அச்சாரம்" என்றார்.

அவன் சலாம் போட்டான்.

"எரநூறு" என்று மாமன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "கன்னுக்குட்டி கணக்குத்தான். மாப்ளைங்க, நீங்க அம்மணியக் கூட்டீட்டு அந்தக் கடலோர மேசைக்குப் போங்க. நாங்க இங்கயே இருக்கறமுங்க."

அக்கா எழுந்து போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சேலைத் தலைப்பு காற்றில் பறந்து மச்சான் முகத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்துவிடவே இல்லை.

கை கழுவப் போன இடத்தில் அந்தப் பையன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்.

"உங்க அச்சனுக்கு, அப்பாவுக்கு, கண்ணு சரியாத் தெரியாது, இல்லே? பாவம். அதுதான் கை பிடிச்சுக் கொண்டுவந்தேன். முன்னமே டிப்ஸும் தந்நு. நல்ல மனுசன்."

சமையல்கட்டை எட்டிப் பார்த்தேன். மீன் அப்போதே சட்டியில் கிடந்தது. மாமனிடம் சொன்னால் அந்த நிமிடமே எல்லோரையும் எழுப்பிக் காருக்கு ஓட்டிப் போவார். புளிச்சோறு காத்துக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் பில் வரும். மாமன் பையில் பெட்ரோலுக்கு ஒதுக்கியது போக இருநூற்றுச் சொச்சம்தான் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். அக்காவைப் பார்த்தேன். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். சரி, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை மூடியது அதுவே முதல் தடவை.

மாமன் கடல்மீனைத் தொடமாட்டார், கவிச்சி என்பார். தூக்குப்போசியைத் திறந்து அந்த ஓட்டல் மேசையிலேயே புளிச்சோற்றை எனக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டார். பதினொரு ரூபாய் வாங்கிய மரியாதைக்கு அந்தப் பையன் அதற்கொரு தட்டும், எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைத்தான்.

அப்புறம் பில் வந்தது.

"படிடா."

"மீனு நானூறு, சோறும் சோடாவும் நூத்தி நாப்பது. ஆக ஐந்நூத்தி நாப்பதுங்க."

மாமன் கோபப்பட்டால் கத்தமாட்டார். மரியாதைதான் ஏறும்.

"ஏனுங்க தம்பி, சித்த வாங்க. துண்டுக்கடியில என்ற கைய நீங்க உதறுனீங்களா?"

"இல்லே அச்சா."

"அச்சாரம் வாங்குனீங்களா இல்லீங்களா?"

"அது டிப்ஸல்லே?"

"அச்சாரம் வாங்கிப்போட்டுப் பேச்சு மாறுனா எங்கூர்ல அந்தாளுகிட்ட அப்பறம் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கமாட்டாங்க, தெரியுமுங்களா?"

"அச்சன் விழாம இருக்கத்தானே நான் கை பிடிச்சேன்!"

ஓட்டல் முதலாளியும் வந்தார். நாலு மேசை வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மச்சான் ஓடிவந்து சட்டைப்பையில் கை விட்டார்.

"மாப்ளைங்க, கைய எடுங்க! பொண்ணூட்டுக்காரங்க நாங்க உசுரோடதான இருக்கறம்?"

மச்சான் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமன் பையில் காசில்லை. மாப்பிள்ளை பையில் காசு உண்டு, ஆனால் எடுக்கக் கூடாது. முதலாளி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா மட்டும் எழவில்லை. முள்ளில் ஒட்டியிருந்த கடைசிக் கறியை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவினாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்ன மணிபர்சை எடுத்தாள். கல்யாணத்தில் அத்தைமார்களும் சித்திமார்களும் அவள் உள்ளங்கையில் திணித்த நோட்டுகள் எல்லாம் அதில் இருந்தன.

"அம்மணி, அது எந்தூட்டுக் காசு?" என்றார் மாமன் பதறி. "நம்மூட்டுதா, அவிங்கூட்டுதா?"

"என்ற கைல குடுத்தாங்க மாமா. என்ற காசு."

மாமன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார். எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டுக் காசு உண்டு, மாப்பிள்ளை வீட்டுக் காசு உண்டு. பெண்ணின் காசுக்கு யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

"அப்படின்னா குத்தமில்ல" என்றார் கடைசியில். உடனே முதலாளி பக்கம் திரும்பினார். "ஆனா அச்சாரத்தக் கழிச்சுக்கோணுமுங்க. பதினொண்ணு."

முதலாளிக்கு எங்களை அனுப்பினால் போதும். கழித்துக்கொண்டார். அக்கா ஐந்நூற்று இருபத்தொன்பது கொடுத்தாள்.

பாலக்காடு தாண்டும்வரை மாமன் அந்தப் பதினொரு ரூபாயைப் பற்றியே பேசினார். "அச்சாரம்ங்கறது எந்தச் சீமைக்குப் போனாலும் செல்லும்டா" என்றார். பிறகு முன்சீட்டில் குறட்டை விட்டார்.

நான் கண்ணாடியில் மச்சானைப் பார்த்தேன்.

"மச்சான், கெளம்பறப்ப அந்தப் பையன் கைல இருவது ரூவா வெச்சீங்கல்ல? மாமாவ எழுப்பிச் சொல்லட்டுங்களா?"

வாளையாறில் ஒரு ராத்திரிக் கடையில், மச்சான் காசில், எனக்கு ஒரு கூலிங் கிளாஸ் கிடைத்தது.

அக்கா பின்னாலிருந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அந்தப் பையன் எரநூறுக்கு ஒத்துக்கவே இல்லைன்னு உனக்கு முன்னயே தெரியுமல்ல? கை கழுவீட்டு வந்ததுல இருந்து சோத்தப் பெசஞ்சுட்டே இருந்த. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சுமா சாப்பிட்ட?"

"பின்ன?"

"ஐந்நூறு ரூவாய்க்கு அந்த மீனு தகுமா, சொல்லு."

"அம்மா வெக்கற கெளுத்திக் கொளம்புக்கு ஒறை போடக் காணாது." ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். பிறகு, "இன்னொரு சோடா சொல்லியிருக்கலாம்" என்றாள். "இன்னுஞ் சித்த நேரம் உக்காந்திருப்போம்."