ஒரு சுற்றுப் போதும்

என் தங்கை வீட்டுக்காரர், சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மாலை ஐந்து மணிக்கு வேலையாட்கள் வேன் ஏறிய பிறகு, ஒவ்வொரு அறையாகப் போய், தரையில் விரித்திருக்கும் ரப்பர் ஷீட்டைத் தூக்கிப் பார்த்து, வெடிமருந்து எதுவும் மிச்சம் கிடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பூட்ட வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். அவர் அதே சுற்றை ஐந்து முறை போவார், சில நாள் ஆறு. பூட்டிவிட்டு பைக்கில் பாதி தூரம் வந்தவர் திரும்பிப் போனதும் உண்டு. சிவகாசியில் இருக்கும் வீட்டுக்கு அவர் வந்து சேர மணி ஒன்பதாகிவிடும்.

"அண்ணே, அவரோட உக்காந்து சூடா ஒரு வாய் சாப்பிட்டு எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடிவந்தவுக, 'வீட்டுக்காரரு வெளிநாடா'ன்னு கேக்குறாக" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையிடம் நான் ஒரு கேள்விதான் கேட்டேன். இத்தனை வருடத்தில் இரண்டாவது சுற்றிலோ மூன்றாவது சுற்றிலோ ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாரா? கண்டுபிடித்ததெல்லாம் முதல் சுற்றில்தான் என்றார். சொல்லி முடித்ததும், "ஆனா மச்சான், ஒருவேளை..." என்று இழுத்தார். அந்த 'ஒருவேளை'க்கு ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்று பெயர் வைத்தார் மதுரையில் ஒரு மனநல மருத்துவர்.

மாத்திரையும் பேச்சுப் பயிற்சியும் ஒரு வருடம் நடந்தன. ஐந்து சுற்று நான்காகக் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு டாக்டர் காந்தத் தூண்டல் சிகிச்சையைச் சொன்னார். தலையில் ஒரு ஹெல்மெட். அதனுள் இருக்கும் கம்பிச்சுருளிலிருந்து காந்தத் துடிப்புகள் மூளைக்குள் போகும். மயக்க ஊசி இல்லை, வெட்டு இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் காலம் இதற்கு வசதி. ஆனால் விஷயம் கேள்விப்பட்ட முதலாளி விருதுநகரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கிற ஆள எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீக? நாலு தடவ பாக்குறது நோயின்னா, அந்த நோய் எல்லாப் போர்மேனுக்கும் வரட்டும்ங்கிறேன். நான் நிம்மதியாத் தூங்குவேன்."

சிரிப்பு வந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளைக்கும் அதே பயம்தான். முதல் நாள் மதுரை பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்போது சொன்னார்: "மச்சான், இந்தப் பயத்தைப் பிடுங்கிட்டாகன்னா, பாக்கணும்ங்கிற நெனப்பே போயிருச்சுன்னா? காலையில உள்ள நாப்பது பேரு வந்து உக்காருவாக."

இதையே டாக்டரிடம் கேட்டார். "பார்க்கிறது உங்க வேலை. அது எங்கயும் போகாது. பார்த்ததை நம்ப முடியலை பாருங்க, அதுக்குத்தான் வைத்தியம்" என்றார் டாக்டர். மாப்பிள்ளை அரை மனதாகத் தலையாட்டினார்.

சிகிச்சை அறையில் இருந்த பெண், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நீளமான பட்டியல் ஒன்றை வாசித்தார். "எங்க கம்பெனில தீப்பொறி பறக்கும்னு பொம்பளையாளுக கொலுசுகூடப் போட்டு வரக் கூடாது தாயி. நீ அடுத்ததுக்குப் போ" என்றார் மாப்பிள்ளை.

அடுத்ததில்தான் சிக்கல். ஹெல்மெட் போடும் முன் நோயாளியின் பதற்றத்தைக் கொஞ்சம் கிளப்பிவிட வேண்டுமாம். மூளையின் அந்தப் பாதை விழித்திருக்கும்போது துடிப்பு கொடுத்தால்தான் பலன். அந்தப் பெண் கையில் இருந்த தாளைப் பார்த்து, "சார், வீட்டைப் பூட்டினீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்க வீட்டம்மா பூட்டிருவா."

"கையில அழுக்கு இருக்கிற மாதிரித் தோணுதா?"

"இல்லயே. சாப்பிடப் போறமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பத்திரிகை வேலையில் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன் நான். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்: "மூணாம் நம்பர் ரூம்ல, ஜன்னலோரம், ஷீட்டுக்கு அடியில பார்த்தீங்களா?"

மாப்பிள்ளையின் முகம் மாறியது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "மச்சான், வாட்ச்மேனுக்கு ஒரு போனப் போடுங்க."

"சூப்பர் சார், அப்படியே உட்காருங்க" என்று அந்தப் பெண் சந்தோஷமாக ஹெல்மெட்டை மாட்டினார். இயந்திரம் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது.

அதிலிருந்து தினமும் புதிதாக ஒரு கேள்வி தயாரிப்பது என் வேலையானது. பஸ்ஸில் நான் எழுத ஆரம்பித்தாலே, "நீங்க எனக்கு மச்சானா, எதிராளியா?" என்று முறைப்பார். நான்காவது வாரம் ஒரு நாள், மருந்துக் கலவை அறை வாளியைப் பற்றி நான் மிகவும் நம்பியிருந்த கேள்வி ஒன்றை அந்தப் பெண் படித்தார். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அத அன்னைக்கே பாத்தாச்சு தாயி. வேற கேளு." அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், செய்தி சரியில்லை என்று தாளைத் திருப்பித் தரும் செய்தி ஆசிரியர் தெரிந்தார்.

ஆறு வாரமும் முடிந்து, கம்பெனி பூஜை போட்டுத் திறந்தது. முதல் மூன்று வாரம் இவர் சுற்று முடித்ததும் முதலாளியே பின்னால் ஒரு சுற்று போனார். இவருக்கும் கால் சும்மா இருக்கவில்லை. இரண்டு சுற்று போனார், ஒரு நாள் மூன்று. ஹெல்மெட்டைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். மாத்திரையும் இன்னும் நிற்கவில்லை.

நான்காவது வாரம் முதலாளி எனக்குப் போன் செய்தார். அன்று முதல் சுற்றிலேயே ஏழாம் நம்பர் அறையில், ஷீட் மடிப்புக்குள் ஒட்டியிருந்த ஒரு சிட்டிகை மருந்தை மாப்பிள்ளை பார்த்து, முறைப்படி அப்புறப்படுத்தியிருக்கிறார். முதலாளி கூடவே நின்றிருக்கிறார்.

"நானா இருந்தா தாண்டிப் போயிருப்பேன் அண்ணாச்சி. கண்ணு அப்படியேதான் இருக்கு. இனி நான் பின்னாடி போகல. எனக்கும் முட்டி வலிக்கு" என்றார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் போன். குரலில் குழப்பம்.

"மச்சான், ஒரே சுத்து. பூட்டிட்டு வந்துட்டேன். இங்கன வந்தா வீடு பூட்டிக் கிடக்கு. இந்நேரத்துக்கு உங்க தங்கச்சி எங்க போவா?"

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கணவர் ஒன்பதுக்கு முன் வர மாட்டார் என்று ஆனபிறகு, அவள் மாலை நேரத்தில் தையல் வகுப்பு, கோயில், சிநேகிதி வீடு என்று தனக்கொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, விளையாடாதீக. மணி ஆறுதான் ஆகுது."

"உண்மையாத்தான். வாசல்ல நிக்கிறாரு."

"ஆறு மணிக்கு வந்தா நான் என்னத்தச் செய்ய? மாவுகூட அரைக்கல." உடனே குரல் படபடத்தது. "அண்ணே, அவர அங்கனயே இருக்கச் சொல்லுங்க. ஆள் இல்லன்னு திரும்பக் கம்பெனிக்குப் போயிறப் போறாரு. நான் ஆட்டோ பிடிச்சு வந்துர்றேன்."

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "எங்கயும் போகல மச்சான். கடையில முறுக்கு வாங்கி வாசப்படில உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன். மெதுவா வரச் சொல்லுங்க" என்றார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில், அந்த வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு சாவி செய்ய வேண்டிய தேவை அன்றுதான் வந்தது.