பெயரில்லாத பதினோரு வரிகள்

சென்னையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அது கடைசியில் டெக்ஸாஸில் ஒரு பருத்திக் குடியிருப்பின் சரித்திரத்தை அடிக்கத்தான் பயன்பட்டது. தொண்ணூறுகளின் பின்பாதி. கணவருக்கு அங்கே ரவுண்ட் ராக் என்ற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. எனக்குக் கிடைத்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. லைப்ரரியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: டைப் அடிக்க ஆள் தேவை, சம்பளம் கிடையாது. எனக்கென்றே எழுதியது போலிருந்தது.

ஆர்வத்தில் சேர்ந்தேன் என்றால் அது பொய். ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவசரமாக மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மாமியார் சென்னையிலிருந்து போன் செய்து, பேர் வைக்காத குழந்தைக்குக் காரியமெல்லாம் கிடையாது, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்தது தங்காது என்றார். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நானும் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டேன்.

வாயோடு சேர்ந்து மற்றதும் மூடிக்கொண்டது. சாம்பாரில் உப்பில்லை என்று கணவர் சொன்னால்தான் தெரியும். டிவியில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காது. துக்கம் என்றுகூட அதைச் சொல்ல மாட்டேன். துக்கம் வந்திருந்தால் தேவலை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைப்ரரிக்கு நடந்தே போவேன். அந்த ரோட்டில் நடப்பவள் நான் ஒருத்திதான். ஆரம்பத்தில் கார்களை நிறுத்தி, ஏதாவது ஆபத்தா என்று விசாரித்தார்கள். போகப்போக என்னையும் ரோட்டோரக் கம்பங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

லைப்ரரியின் பின்னறையில், கம்ப்யூட்டர் பக்கத்தில், ஒரு அம்மாள் எனக்காகக் காத்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். பாங்கில் அரை நாள் வேலை. அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் குடியிருப்பை உண்டாக்கியவர்களில் ஒருவர். பழைய நோட்டுப் புத்தகங்களையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. சரியாக இருக்க வேண்டும் என்பதில் மகா பிடிவாதம். ஒரு கமா விட்டுப்போனாலும் ஸ்கேலை வைத்துக் காட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். அந்த நாட்களில் எனக்கென்று வந்த ஒரே உணர்ச்சி அந்த எரிச்சல்தான்.

கதை அப்படியொன்றும் பிரமாதமில்லை. மாட்டு வண்டிகளில் பன்னிரண்டு குடும்பங்கள் வந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் புல், வீடு கட்ட ஒரு மரம் கிடையாது. மண் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் போனவர்களுக்கு அது புதிதில்லை. மழை பெய்தால் காலை விடாது, காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். புல்லைப் புரட்டிப் பருத்தி போட்டார்கள். பள்ளிக்கூடம் ஒன்று, சர்ச் ஒன்று, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின் மில் ஒன்று என்று ஊராகிவிட்டது. அப்புறம் ரயில் வந்தது. ஆனால் நாலு மைல் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் அசரவில்லை. வெளியூர்ப் பலகையில் கட்டிய வீடுகளைப் பெயர்த்து, அடியில் உருளைக் கட்டைகள் வைத்து, கோவேறு கழுதைகளைப் பூட்டி ரயிலடிக்கே இழுத்துப் போய்விட்டார்கள். சர்ச்சும் அப்படியே போனது. கல்லறைகளை மட்டும் இழுத்துப் போக முடியவில்லை. ஊர் இருந்ததற்கு இப்போது அதுதான் சாட்சி.

இதையெல்லாம் ஒரு சலனமும் இல்லாமல் அடித்தேன். ஒரு காய்ச்சலில் நாலு பிள்ளைகள் போன வீட்டைப் பற்றி அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டேன்.

கடைசியாகக் கல்லறைப் பட்டியல். குடும்பப் பெயர்களின் அகர வரிசையில் எழுதியிருந்தது. அடித்து முடித்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதினோரு வரிகளைக் காணோமே என்றார். விட்டுப்போகவில்லை, நானேதான் விட்டேன் என்றேன். அந்தப் பதினோரு வரிகளிலும் பெயரே இல்லை. இன்னாரின் கைக்குழந்தை, மகன். இன்னாரின் கைக்குழந்தை, மகள். அவ்வளவுதான். பெயர்ப் பட்டியலில் பெயர் வைக்காததை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டேன். நிஜமாகவே எனக்கு அது தப்பென்று படவில்லை. எங்களில் அப்படிப்பட்ட குழந்தைகளைக் கணக்கில் வைப்பதில்லை.

அவர் கோபப்படவில்லை. ஒரு நாள்கூட உயிரோடு இல்லாத குழந்தைகளுக்கும் கல் நட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கே மரம் கிடைக்காத ஊரில், கல்லை எங்கிருந்து கொண்டு வந்தார்களோ என்றார்.

சனிக்கிழமை காலை கணவர் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"என்னங்க, நம்ம குழந்தை ஆணா, பொண்ணா?"

அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார்.

"பொண்ணு," என்றார். "உனக்குக் காட்டட்டுமான்னு நர்ஸ் கேட்டாங்க. எங்க வழக்கத்துல பாக்க மாட்டோம்னு நான்தான் சொல்லிட்டேன். ஹாஸ்பிடலே பாத்துக்கட்டும்னு ஃபார்ம்ல சைன் பண்ணிட்டேன். எங்க வச்சாங்கன்னு எனக்கும் தெரியாது."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அயர்ன் பாக்ஸை மறுபடி எடுத்து, தேய்த்த சட்டையையே தேய்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திங்கட்கிழமை ஹாஸ்பிடலுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குழந்தைகளை ஒன்றாகத் தகனம் செய்துவிடுவார்கள், தனியாக இடம் எதுவும் கிடையாது என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நானும் மரியாதையாகத் தேங்க்ஸ் சொல்லி வைத்தேன்.

மறுநாள் லைப்ரரிக்குப் போய் அந்தப் பதினோரு வரிகளையும் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் சேர்த்தேன். பிறகு, என்ன தோன்றியதோ, பட்டியலின் நடுவில் எங்கள் எழுத்து வரும் இடத்தில் என் பெயரையும் கணவர் பெயரையும் போட்டு, கைக்குழந்தை, மகள் என்று இன்னொரு வரியையும் அடித்தேன்.

அந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தார். அந்த வரியில் ஸ்கேல் நின்றது.

"இது எங்கள் குழந்தை இல்லையே," என்றார்.

"இல்லை, என்னுடையது," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, அவள் இங்கே படுத்திருக்கவில்லை, அதனால் இந்தப் பட்டியலில் அவளை வைக்க முடியாது, மன்னித்துக்கொள் என்றார். அவர் சொன்னது நியாயம். ஒரு வரி பொய்யானால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் கையை நீட்டுவதற்குள் நானே அழித்தேன். அடுத்த எழுத்துக் குடும்பத்தின் வரி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அழுதேன். என் பொண்ணு, என் பொண்ணு என்று சொல்லிச் சொல்லி அழுதேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.