முப்பத்தெட்டு விரல்கள்

தனக்குச் சரி என்று தெரிந்த விடையை அழித்துவிட்டு, டீச்சர் எதிர்பார்க்கும் விடையை எழுது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கணக்கு வருவதில்லை. பதின்மூன்றில் ஏழு போனால் பதினான்கு என்கிறாள். போன வாரம் வீட்டுப்பாடத்தில் ஒரு கேள்வி. ஓர் ஆட்டோவில் மூன்று பேர் போகலாம், பன்னிரண்டு பேர் போக எத்தனை ஆட்டோ தேவை? ஒன்று என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில், 'கவனம் இல்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்.'

"ஏண்டி ஒண்ணு?"

"ஷேர் ஆட்டோம்மா. எல்லாரும் ஏறிடுவாங்க. டிரைவர் அங்கிள் பக்கத்துலயே ரெண்டு பேரு."

அழிக்கச் சொல்லத்தான் ரப்பரை எடுத்தேன். சொல்ல வாய் வரவில்லை. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னுடைய மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். நைனாவுக்குத் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. பள்ளியில் நான் கதவோர வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கணக்கு வராதவர்களின் வரிசை அது. அந்த வரிசைக்கு டீச்சர் வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன்.

பத்துப் பத்தாக எண்ணக் கற்றுக்கொண்டிருந்த சமயம். டீச்சர் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினார். உன் வீட்டில் உள்ள எல்லோருடைய கைவிரல்களும் சேர்ந்து எத்தனை? நான் முப்பத்தெட்டு என்று எழுதிக் காட்டினேன்.

"உங்க வீட்ல எத்தனை பேருடி?"

"நாலு பேர் டீச்சர். அம்மா, நைனா, நான், தம்பி."

"நாலு பத்து எவ்வளவு?"

"நாப்பது."

"அப்போ விரல் எத்தனை?"

"முப்பத்தெட்டு."

வகுப்பு சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "ரெண்டு விரலைக் காக்கா தூக்கினு போயிடுச்சு டீச்சர்!" என்று கத்தினாள்.

காக்கா இல்லை, மெஷின். முன்பு வேலை பார்த்த பட்டறையில் நைனாவின் வலது கைச் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் பிரஸ் மெஷினில் போய்விட்டன. புதுக் கம்பெனிக்கு அவர் கையுறையோடுதான் போவார். தினமும் காலையில் அம்மா அந்தக் கையுறையின் இரண்டு விரல்களில் பழைய பனியன் துணியைச் சுருட்டித் திணிப்பாள். பொம்மைக்குப் பஞ்சு அடைப்பதுபோல இருக்கும். "இத்த வெளியில யாராண்டயும் சொல்லக் கூடாது, இன்னா?" என்பாள். சொல்லக் கூடாதென்றால் சொல்ல மாட்டேன். ஏன் என்றும் கேட்க மாட்டேன். அப்படி வளர்ந்த பிள்ளை நான்.

"அழிச்சுட்டு நாப்பதுன்னு எழுது," என்றார் டீச்சர்.

"மாட்டேன் டீச்சர்."

என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. காரணத்தைச் சொல்ல முடியாது. நாற்பது என்று எழுதவும் முடியாது. மற்ற கணக்குகளையெல்லாம் அழி என்றால் அழித்துவிடுவேன், அவை எனக்கே புரியாதவை. இது அப்படியில்லை. அந்த வருடத்தில் அதுவரை எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான். இதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் வேறு கணக்கே இல்லை.

மாற்றி எழுதாவிட்டால் கணக்கு வகுப்புக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும் என்று சொல்லி, நைனாவை வரச் சொன்னார் டீச்சர்.

நைனா ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தார். யூனிபாரம், கையில் கையுறை. டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏங்க, உங்க வீட்ல யாருக்காவது விரல் கம்மியா? உங்க பொண்ணு முப்பத்தெட்டுலயே நிக்கறா."

நைனா என்னைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார்.

"இல்லீங்க டீச்சர். எல்லாருக்கும் பத்துதாங்க. பாப்பா தப்பா போட்டுக்கீது."

"கேட்டியா? இப்ப சொல்லு, எத்தனை?"

"முப்பத்தெட்டு," என்றேன். குரல் நடுங்கியது. எண் நடுங்கவில்லை.

சைக்கிளில் திரும்பும்போது எனக்கு நைனாமேல் கோபம். கொஞ்ச தூரத்தில் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. என்னைப் போலவே இவருக்கும் கணக்கு வரவில்லை, துணியையும் சேர்த்து எண்ணிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். பின்சீட்டிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"நைனா, துணியெல்லாம் விரல் ஆவாது. எனுக்குப் பத்து, தம்பிக்குப் பத்து, அம்மாக்குப் பத்து. உனுக்கு எட்டு. எத்தினி?"

"முப்பத்தெட்டு."

"அப்பறம் ஏன் நாப்பதுன்னு சொன்ன?"

இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதற்கு வழிவிட்டு நைனா சைக்கிளை ஓரம் கட்டினார்.

"எனுக்கு எங்கமா கணக்கு வருது. நீ அழிக்காத, இன்னா?"

நான் அழிக்கவில்லை. மறுநாள் கணக்கு வகுப்புக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நானே இரண்டாம் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அந்த வகுப்பு டீச்சர் தப்புக்குச் சிவப்புக் கோடு போடுவதற்கு முன்னால், "எப்படி வந்துச்சு, சொல்லு?" என்று கேட்பார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல, பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று நான் இலக்கங்களைத் தலைகீழாகக் கழித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்துக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தார். தண்டனைக்கு அனுப்பிய இடத்தில் எனக்குக் கணக்கு வந்தது. அரையாண்டுத் தேர்வில் தேறினேன். டீச்சர் என்னைக் கதவோர வரிசையிலிருந்து மாற்றினார், தன் தண்டனை பலித்தது என்ற திருப்தியோடு.

எங்கள் டீச்சரின் கணவர்தான் நைனாவுக்கு சூப்பர்வைசர் என்பதை, நைனா அந்த வேலையை விட்டுப் பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். விரல் இல்லாத கை என்று தெரிந்தால் மறுநாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள். மகள் முன்னால் நாற்பது என்று சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பின்சீட்டில் உட்கார்ந்து பாடம் நடத்திய எனக்குத் தெரியவில்லை. சரியான விடை தெரிந்தே தப்பைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதும் தெரியவில்லை.

இப்போது என் மகள். பதினான்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "ஏழுல மூணு போனா நாலு, அந்த ஒண்ண அப்படியே எழுதிட்டேன்," என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தன. அதற்கு வழி தெரியும், புளியங்கொட்டை வாங்கி வைத்துவிட்டேன். ஆட்டோவுக்குத்தான் வழி தெரியவில்லை. என் முப்பத்தெட்டு உண்மை. அவளுடைய ஒன்றும் உண்மைதான், ஆனால் கேள்வி மூன்று பேர் என்றல்லவா சொல்கிறது? "மூணு பேரு மட்டும் போற ஆட்டோவ நான் பாத்ததே இல்லியேம்மா," என்கிறாள். பிடிவாதத்தை நான்தான் வளர்க்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை பள்ளிக்குப் போகிறேன். அவள் கவனமில்லாத பிள்ளை இல்லை என்று டீச்சரிடம் சொல்லத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நான்கு ஆட்டோ என்பதை இவளுக்கு எப்படிச் சொல்வது? அவள் கண்ணால் பார்த்தது பொய் என்று ஆகிவிடாமல் எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தை நான் அழிக்கப் போவதில்லை.