புல்லில்லாத முற்றம்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நடந்ததை விளங்கிக்கொள்வது சுலபம். என் கணவர் கோபமே வராத மனிதர். எனக்குக் கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்த நாங்கள் இரண்டு வருடத்துக்குள் மூன்று வீடு மாறியிருந்தோம். முதல் வீட்டில் கறி மணம் கூடாது என்றார்கள். இரண்டாவது வீட்டை எங்களுக்குச் சொல்லாமலே விற்றுவிட்டார்கள். மூன்றாவதில் மழைக்கு வாளி வைத்துக்கொண்டு படுத்தோம். நாலாவதாகக் கிடைத்ததுதான் கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து கால்மணி நேர நடையில் இருந்த செங்கல் வீடு. ஏப்ரலில் குடிபோனோம். காலையில் நான் சமைக்கிற குசினி யன்னலால் நல்ல வெயில் வரும். அந்த மாதமே நான் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தது. இனிமேல் பெட்டி கட்டுவதில்லை, இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

நான் முடிவெடுத்தால் போதுமா? ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான், செப்டம்பரோடு முடிகிறது. வீட்டுக்காரம்மா இரண்டு தெரு தள்ளித் தன் தங்கையுடன் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெட்டை, ஒல்லி, சிரிப்பது மிகவும் அரிது. ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் வந்து, உள்ளே வரச் சொல்லியும் வராமல், வாசலில் நின்றபடியே பேசினார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அது எங்கள் தமிழிலேயே ஞாபகம் இருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"வசந்தம் வரப்போகுது. முன் முற்றத்தை அதுக்கு ஒழுங்குபடுத்தி வையுங்கோ. வாற மாதம் ரெண்டாம் சனிக்கிழமை வந்து பார்ப்பன். பார்த்துப்போட்டுத்தான் புது ஒப்பந்தக் கடுதாசி."

முற்றம் ஒழுங்குபடுத்த எனக்கா தெரியாது? எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மரியாதையான ஆட்கள் வருகிறார்கள், கலியாணம் பேச வருகிறார்கள் என்றால், முதல் வேலை முற்றத்துப் புல்லைச் செருக்குவதுதான். மண்வெட்டியைப் படுக்கையாகப் பிடித்துப் புல்லை வேரோடு வழித்தெடுத்து, ஒரு சருகு இல்லாமல் கூட்டிவிட்டால் வெள்ளை மணல் பளிச்சென்று கிடக்கும். விளக்குமாற்றுக் கோடு அழியாமல் இருக்கவேண்டும். வருகிறவரின் காலடிதான் அதிலே முதலில் விழவேண்டும். முற்றத்தில் புல் நின்றால் அது ஆளில்லாத வீடு, இல்லாவிட்டால் பாம்பு இருக்கிற வீடு.

எதிர்வீடும் பக்கத்துவீடும் புல்லாகத்தானே கிடந்தன, கண் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. அவர்கள் சனிக்கிழமைகளில் மெசினை உருட்டி, நுனியை மட்டும் வெட்டிவிட்டு உள்ளே போவதையும் பார்த்திருக்கிறேன். அரைகுறை வேலை, வேரைக் கிளப்பப் பஞ்சிப்படுகிற சனம் என்றுதான் நினைத்தேன்.

"இஞ்சேரும், இவையள் புல்லை விரும்பித்தான் விட்டிருக்கினம் போல கிடக்கு," என்று என் கணவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"விரும்பி ஆராவது புல்லு வளர்ப்பினமே? மாடும் இல்லை, ஆடும் இல்லை."

அவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு வாயை மூடியதற்கும் சேர்த்துப் பிறகு முப்பது வருடம் சொல்லிக் காட்டினார்.

இரண்டு சனி ஞாயிறு போனது அந்த வேலைக்கு. அவர் செருக்கினார், நான் கூட்டினேன். காரியாலயத்தில் வரைபடக் கோடு கீறிப் பழகிய அவருடைய கைகள், இரண்டிலும் கொப்புளம். புல்லோ சாதாரணப் புல் அல்ல, பாய் பின்னினதுபோல வேர். துண்டு துண்டாக உரித்து மூலையில் குவித்தோம். எனக்கு ஏழாவது மாதம். கொஞ்ச நேரம் கூட்டுவேன், கொஞ்ச நேரம் படியில் இருந்து அவரை மேய்ப்பேன். எதிர்வீட்டு மனிதர் வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் வேலியைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெச்சுகிறார்கள் என்று நினைத்து நான் கைகாட்டினேன்.

ஞாயிறு பின்னேரம் முற்றம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மண் நிறம்தான் கொஞ்சம் மஞ்சளாக இருந்ததே தவிர, ஊரில் எந்த வீட்டுக்கும் குறைவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையில் சந்தோஷம். வியாழக்கிழமை மழை தொடங்கியது. வெள்ளிக்கிழமையும் விடவில்லை. எங்கள் ஊர் மணல் எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும். இங்கே கீழே கிடந்தது களிமண். நான் கூட்டிவைத்த முற்றம் கூழாகி, நடைபாதையைத் தாண்டித் தெருவுக்கு வழிந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்காரம்மாவின் சின்ன நீலக் கார் வந்து நின்றது. நான் நல்ல சேலை உடுத்து, தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் நின்றேன். அவர் கேற்றைத் திறந்து ஒரு கால் வைத்தார். வெள்ளைச் சப்பாத்து சேற்றுக்குள் போனது. காலை இழுத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று இடமும் வலமும் பார்த்தார்.

"என்ர புல்லு எங்கை?"

"துப்புரவாக்கிப்போட்டம்," என்றேன்.

"இருபது வருஷத்துப் புல்லு. தோலை உரிச்சு வைச்சிருக்கிறியள். ஒழுங்குபடுத்தச் சொன்னனான், அழிக்கச் சொன்னனானே?"

என் கணவர் கதவுக்குப் பின்னால் நின்று "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். நானும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு கிழமையாகக் குனிந்து கூட்டின இடுப்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எங்கட ஊரிலை மரியாதையான ஆள் வருகினம் எண்டால் இப்பிடித்தான் செய்வம். ஒரு புல்லு இல்லாமல் செருக்கி, கூட்டி வைப்பம். வாற ஆளுக்காகத்தான் அது."

"இஞ்சை அப்பிடி ஆர் வருகினம்?"

"நீங்கள்தான். வாறன் எண்டு சொன்னியள்தானே."

அவருக்கும் கோபம் என்னைப்போலத்தான், முகத்தில் உடனே தெரியும். ஆனால் அந்த நேரம் அது தெரியவில்லை. குனிந்து சப்பாத்தைப் பிடுங்கினார். என் வயிற்றைப் பார்த்தார். உள்ளே கேத்தில் கூவிக்கொண்டிருந்தது.

"புல்லு திரும்ப வரட்டும்," என்றார். "வந்தால் கடுதாசி. வராட்டில் கிறிஸ்மஸுக்கு முதல் வேறை வீடு பாருங்கோ." சப்பாத்தைக் கையில் பிடித்தபடி காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் குசினிக் கதிரையில் இருந்து நன்றாக அழுதேன். கைப்பிள்ளையோடு வீடு தேடி அலைவதை நினைக்கவே பயமாக இருந்தது. என் புத்தியால் வந்த வினை என்பது அதைவிட எரிச்சல். என் கணவர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கேற்றடியில் ஒரு பை புல் விதை கிடந்தது. யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. பிறகு நாங்கள் செருக்கின நிலத்தையே கொத்தினோம். எருப் போட்டு, எதிர்வீட்டாரிடம் உருளை இரவல் வாங்கி மட்டப்படுத்தி, விதைத்தோம். புல் விதைக்கிறேன் என்று ஊருக்கு எழுதினால் சிரிப்பார்கள் என்பதால் நான் ஒருவருக்கும் எழுதவில்லை.

விதைத்த மறுநாளே குருவியும் புறாவும் வந்து இறங்கின. ஊரில் முற்றத்துப் பாயில் மிளகாய் காயப்போட்டால் காகத்துக்கு ஆள் இருப்போம். இங்கே நான் கதிரையை வாசலில் போட்டு, கையில் ஒரு தடியோடு, புல் விதைக்குக் காவல் இருந்தேன். என் கணவர் வேலைக்குக் கட்டுகிற பழைய கழுத்துப்பட்டிகளைக் கயிற்றில் கட்டிக் காற்றில் ஆடவிட்டார்.

"அந்த நீலம் நல்ல கழுத்துப்பட்டி எல்லோ?" என்றேன்.

"புறாவுக்கும் அது பிடிக்கேல்லையாம், பாரும்," என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் குனிந்து பார்த்தால்தான் தெரிகிற அளவுக்குப் பச்சை வந்தது. நான் அவரைக் கத்திக் கூப்பிட்டேன். பல் தீட்டின வாயோடு ஓடி வந்தார், இருவரும் படியில் குந்தியிருந்து பார்த்தோம். எத்தனையோ விளைச்சலைக் கண்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். ஒரு பயனுமில்லாத இந்தப் புல்லைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி முன்பு வந்ததில்லை. ஒக்டோபர் முழுவதும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். சனிக்கிழமைகளில் நீலக் கார் வீட்டுக்கு முன்னால் மெல்லப் போகும், நிற்காது. தபால் பெட்டியடியில் மட்டும் ஒரு இடம் மொட்டையாகவே கிடந்தது. போகிற காருக்கு அது தெரியாமல் இருக்க நான் அதற்கு முன்னால் போய் நிற்பேன்.

நவம்பரில், சொன்ன நாளுக்கு இரண்டு கிழமை முந்தியே வலி வந்துவிட்டது. மகள் பிறந்தாள். அந்தக் காலத்தில் ஒரு கிழமையாவது ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அந்தக் கிழமை பார்த்து வடக்கிலிருந்து அனல்காற்று. ஐந்தாம் நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "புல்லுக்குத் தண்ணி விடுறியளோ?"

அவர் முகம் போன போக்கிலேயே விடை தெரிந்தது. வேலை, அங்கிருந்து ஆஸ்பத்திரி, பிறகு நண்பர் வீட்டில் சாப்பாடு, படுக்கை. வீட்டுப் பக்கமே போகவில்லையாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஏசினேன். இரண்டு மாதப் பாடு. புதுப் புல் ஐந்து நாள் வெயிலைத் தாங்காது. அன்றிரவே போய்ப் பார்க்கிறேன் என்றவரை, செத்ததைப் போய்ப் பார்த்து என்ன, வீடு மாறக் கடையில் பெட்டி கேளுங்கோ என்றேன்.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கார் நின்றபோது முற்றத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மடியில் கிடந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிமிர்ந்து பாரும்," என்றார் அவர்.

புல் பச்சையாக நின்றது. தபால் பெட்டியடியில்கூட முளைத்திருந்தது. ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டு வீட்டுக்காரம்மா நின்றார்.

"நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன மூண்டாம் நாள் றோட்டாலை போகேக்கை பார்த்தனான், வாடுது," என்றார் என் கணவரைப் பார்த்து. பிறகு என்னிடம், "புல்லிலை மிதியாதேங்கோ. பின்பக்கத்தாலை வாங்கோ," என்றார்.

சுற்றிக்கொண்டு போனோம். பின்வளவுப் புல் நாங்கள் கைவைக்காத பழைய புல். குசினிப் படிக்கு முன்னால், ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் அந்தப் புல் இல்லை. வேரோடு எடுத்திருந்தது. எங்கள் ஆட்கள் செருக்கினதுபோல இல்லை, ஒரு கரை கோணல், அங்கங்கே குழி. மண் பிடித்த குசினிக் கத்தி ஒன்று படியில் கிடந்தது. ஆனால் ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றுக் கோடு வரிவரியாக, அழியாமல் இருந்தது.

"ஆரோ மரியாதையான ஆள் வருகினம் எண்டு கேள்விப்பட்டன்," என்றார் வீட்டுக்காரம்மா, பிள்ளையைப் பார்த்தபடி. சட்டைப் பையிலிருந்து மடித்த கடுதாசியை எடுத்து என் கணவரிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டிருந்தது.

கோட்டை அழிக்க மனமில்லாமல் அதன் கரையிலேயே நின்றேன்.

"வையுங்கோ காலை," என்றார் அவர். "அதுக்குத்தானே கூட்டினது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மகளோடு அதில் கால் வைத்தேன்.