ஹேச்சரியின் ஹார்ட்டிஸ்க் பெட்டி மாறிய நாள்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் ஒரு ஹேச்சரி இருக்கிறது. முட்டைகளை இயந்திரங்களில் அடைவைத்து, குஞ்சு பொரித்ததும் கோழிப்பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலை செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தபோது ஹேச்சரி முதலாளியிடமிருந்து போன் வந்தது.

“ஏனுங்க அம்மிணி, சர்வர் உசுரே இல்லாமக் கெடக்குது. பல்லி கில்லி உள்ள போயிருச்சாட்ட இருக்குது. கருகுன நாத்தம் அடிக்குதுங்க.”

“முட்டைக்கு ஒண்ணும் ஆகலீங்களே அண்ணா?”

“மெசினெல்லாம் ஓடுதுங்க. அலாரந்தான் இல்ல. ஆளுங்க மாத்தி மாத்திப் போயிச் சூடு பாத்துட்டு இருக்கறாங்க. வெரசா வந்துருங்க.”

வாங்கிய சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் சொன்னது சரிதான். மதர்போர்டின் மேல் ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்தது. அதே போர்டு இப்போது எங்கும் கிடைக்காது. எல்லா இயந்திரங்களின் சூட்டையும் ஈரத்தையும் கவனித்து, ஏதாவது பிசகினால் அலறுகிற புரோகிராம் அந்த சர்வரில்தான் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். புதிதாக ஏற்றுவதற்கு அவரிடமும் நகல் இல்லை. நல்லவேளையாக ஹார்ட்டிஸ்க்குக்கு எதுவும் ஆகவில்லை. ஸ்டோர் ரூமில் வேறு கம்பெனியின் சர்வர் ஒன்று, எப்போதோ வாங்கிப் பயன்படுத்தாமலே தூசி படிந்து கிடந்தது. ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினால் அப்படியே எழுந்து ஓடுமா? படித்திருக்கிறேனே தவிர, நான் செய்து பார்த்ததில்லை. பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது.

முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். “கட்டுத்தறி மாத்துனா மாடே ரெண்டு நாளைக்குத் தீனி தொடாதுங்க. இது ஒத்துக்குமுங்களா?”

“பாக்கலாங்க அண்ணா. மொதல்ல இதுக்கு ஒரு நகல் எடுத்துக்கறேன். கெட்டா நகல் கெடட்டும்.”

நகல் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. நகலை ஸ்டோர் ரூமிலிருந்து கொண்டுவந்த புதுப் பெட்டியில் மாட்டி ஸ்விட்ச் போட்டேன். இதில் ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை என்றது திரை. பழைய சர்வர் தொடங்குகிற முறை வேறு, புதியது தொடங்குகிற முறை வேறு. செட்டிங்கில் பழைய முறைக்கு மாற்றியதும் எழுத்துகள் மளமளவென்று ஓடின. பாதியில் நின்றுவிட்டன. ஹார்ட்டிஸ்க்கைக் காணவில்லையாம்!

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஹார்ட்டிஸ்க்கிலிருந்து எழுந்து வந்த சிஸ்டம்தான் ஹார்ட்டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தது. யோசித்தபோது காரணம் புரிந்தது. தொடங்கும்போது சிஸ்டம் ஒரு சின்ன மூட்டையைத்தான் முதலில் பிரிக்கும். பழைய சர்வரின் பாகங்களோடு பேசுகிற டிரைவர் புரோகிராம்களை மட்டுமே அந்த மூட்டையில் கட்டி வைத்திருந்தது. புதுப் பெட்டிக்கு வேண்டிய டிரைவரும் ஹார்ட்டிஸ்க்கில் இருக்கிறது, ஆனால் மூட்டைக்கு வெளியே. பென் டிரைவில் இருந்த இன்னொரு சிஸ்டம் வழியாக உள்ளே நுழைந்து, அதையும் சேர்த்து மூட்டையைத் திரும்பக் கட்டினேன். மறுபடி ஸ்விட்ச் போட்டதும் அலாரம் புரோகிராமின் பழைய நீலத் திரை அப்படியே வந்து நின்றது.

“வந்துருச்சுங்க!” என்று எழுந்துவிட்டார் முதலாளி.

திரை வந்ததே ஒழிய, சூடு காட்டவேண்டிய கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. பழைய நெட்வொர்க் கார்டின் எண்ணை சிஸ்டம் நினைவில் வைத்திருந்தது. முதல் கார்டு என்ற இடத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டு, புதிய கார்டை இரண்டாவதாகச் சேர்த்திருந்தது. இயந்திரங்களோடு பேசுகிற வேலை முழுக்க முதல் கார்டின் பேரில் இருந்தது. அதுவோ கருகிய போர்டோடு மூலையில் கிடந்தது. பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதினேன். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. அதே நொடியில் கட்டடமே அதிரும்படி அலாரம் அலறியது.

சூடு பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தார். “சூடெல்லாஞ் செரியாத்தான இருக்குது! இப்பத்தாம் பாத்துட்டு வாரேன்!”

திரையில் ஒரு முட்டைத் தொகுதிகூட விடாமல் எல்லாமே சிவப்பு. முட்டை அடைவைத்து எத்தனை நாள் என்று காட்டும் இடத்தில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி நின்றது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“மைனஸ்னா என்னங்க அம்மிணி?”

அப்போதுதான் திரையின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். நெடுநாள் சும்மா கிடந்ததில் புதுப் பெட்டியின் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றிருந்தது. அந்தக் கணக்குப்படி இந்த முட்டைகளை இனிமேல்தான் அடைவைக்கவேண்டும்.

“இன்னும் கோழியே போடாத முட்டையெல்லாம் உள்ள இருக்குதுன்னு சொல்லுதுங்க அண்ணா.”

அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அக்காவுக்கும் விஷயம் புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அலாரம் இன்னும் கத்திக்கொண்டேயிருந்தது. காதருகில் கத்தினால்தான் பேச்சு கேட்டது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரியாக வைத்ததும் மைனஸ் மறைந்தது, சத்தமும் நின்றது. அக்கா நேரில் பார்த்துக் குறித்து வந்த சூட்டையும் திரை காட்டிய சூட்டையும் ஒவ்வொரு இயந்திரமாக ஒப்பிட்டோம். எல்லாம் ஒத்துப்போயின.

பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்: “இத்தன வருசமா வாரீங்க, உள்ள ஒருக்காலாச்சும் பாத்திருக்கறீங்களா?”

பார்த்ததே இல்லை. என் வேலை எப்போதும் ஆபீஸ் அறையோடு முடிந்துவிடும். அக்கா எனக்கு ஒரு கோட்டு கொடுத்து, கிருமி போக மருந்துத் தண்ணீரில் கால் நனைக்கச் சொல்லிக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. ஒரு தட்டை வெளியே இழுத்தார். பாதி முட்டைகளில் விரிசல். ஒன்றில் ஓட்டுக்கு வெளியே அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“தொடாதீங்க, பாருங்க,” என்றார் அக்கா.

அலகு உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு வேறொரு பக்கம் ஓடு உயர்ந்தது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அங்கேயே குனிந்து நின்றேன்.