அண்ணன் பத்து டிகிரியில் வைத்த வண்டி

காலை ஐந்து நாற்பதுக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஓராண்டு ஆகப்போகிறது. அந்த நேரத்துக்கு இன்றும் எனக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது.

அண்ணன் தளவானூரில் பிறந்தவர். எட்டாவது படிக்கையில் நைனா இறந்துபோக, பள்ளியை விட்டுச் செஞ்சிக்கு வந்து லாரி ஷெட்டில் சேர்ந்தார். என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தவர் அவர்தான். பிறகு கோட்டைக்குப் போகும் சாலையில் சொந்தமாக ஷெட் போட்டார். அமாவாசையன்று மேல்மலையனூர் பஸ் எது வழியில் நின்றாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து போவார். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே டைமிங் வைப்பார் என்பது ஊரறிந்தது.

அந்தக் காதுக்கும் அடங்காத ஒரு வண்டி வந்தது. எதிர்வீட்டு காதர் பாய் வளைகுடாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார். அதன் இஞ்சினைக் கம்ப்யூட்டர் நடத்தும். டைமிங்கை, அதாவது பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தை, அண்ணன் திருத்தினால் கம்ப்யூட்டர் உடனே மாற்றிவிடும். மூன்று நாள் போராடினார்.

"நான் ஒரு பக்கம் திருப்பினா அது ஒரு பக்கம் இழுக்குது பாய். மாமியாரும் மருமவளும் ஒரே அடுப்புல சமைக்கிற மாரி இருக்குது."

"அப்ப நான் யாரு மேஸ்திரி?"

"நீ மாமனாரு. பேசாம குந்து."

பாய் தமக்குத் தெரிந்த வளைகுடா ஒர்க் ஷாப்புக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. பானட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்தால் கம்ப்யூட்டர் குறுக்கே வராது. டைமிங்கைப் பத்து டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் வண்டி ஓடும், ஆனால் இழுக்காது, சூடேறும். அதனால் கம்பி உள்ளே இருக்கும் வரை ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி கட்டுவதை அண்ணன் வழக்கமாக்கிக்கொண்டார்.

போன ஆண்டு பாய் விடுப்பில் வந்திருந்தபோது அண்ணன் மறுபடியும் அந்தக் காருக்கு டைமிங் வைத்தார். முடித்ததும் அசதியாக இருக்கிறதென்று, கம்பியை எடுக்காமல் துணியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் நெஞ்சுவலி. வேறு வண்டி கிடைக்கவில்லை. அந்தக் காரையே என் மகன் எடுத்தான். பாய் பின்சீட்டில் அண்ணனைத் தாங்கிக்கொண்டார். பதற்றத்தில் மகன் சிவப்புத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டான்.

வழியெல்லாம் இழுக்காமல் ஊர்ந்த கார் புதுச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் கொதித்து நின்றது. பானட்டைத் திறந்த மகன் கம்பியைப் பார்த்தான். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று டாக்டர் சொன்னதை மகன் ஏற்கவில்லை. "நான்தாம்மா மாமாவ கொன்னுட்டேன்" என்றவன் அதன்பின் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். ஓராண்டாக எனக்கு இரண்டு துக்கம்.

அண்ணனைக் கவனித்த செவிலியர்களுக்கும், ஷெட்டை மூடவிடாமல் நடத்தும் அவருடைய கூட்டாளிகளுக்கும், அண்ணிக்குத் துணை நிற்கும் உறவினர்களுக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையோம்.

இந்த முதலாண்டு நினைவஞ்சலியை அச்சுக்குக் கொடுக்க இருந்த காலையில் காதர் பாய் வந்தார். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே விடுப்பு முடிந்து விமானம் ஏறியவர். மகனைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவனருகே போய் உட்கார்ந்தார்.

"திண்டிவனம் தாண்டும்போதே அவருக்குத் தெரிஞ்சிபோச்சிப்பா. 'வண்டி இழுக்கல, கம்பி உள்ளயே இருக்குது'ன்னாரு. நிறுத்தச் சொல்லட்டுமான்னேன். 'வேணாம் பாய், சொன்னா புள்ள பதறிடுவான். பத்து டிகிரியில நான் வெச்சது, போய்ச் சேந்துடும். அவன் நல்லாத்தான் ஓட்றான்'னாரு."