புளிய இலை வரமாட்டா என்றது

எட்டு வயதில் எனக்குப் புளியமரத்தோடு தீராத பகை. ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற மரம் அது. அம்மா கோவித்துக்கொண்டு பரவையிலிருந்த பிறந்த வீட்டுக்குப் போன மறுநாள் சண்டை ஆரம்பித்தது. ஓர் இணுக்கை ஒடித்து, அதிலிருந்த குட்டிக் குட்டி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுவேன். வருவா, வரமாட்டா, வருவா, வரமாட்டா. எத்தனை இணுக்கு ஒடித்தாலும் சனியன், வரமாட்டாவில்தான் போய் நிற்கும். முதலில் வரமாட்டா என்று ஆரம்பித்திருக்கலாம். அம்புட்டு புத்தி எனக்கு எங்கே இருந்தது!

"இந்த வீட்ல அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அம்மா அப்பாவிடம் கத்திவிட்டுப் போனதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன். அந்த 'அவ' நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலையில்தான் பால் சட்டியைக் கவிழ்த்திருந்தேன்.

மரத்தடியில் அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. மாமாவோடு ஒத்துப்போகாமல் ஒரு பெட்டியோடு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டவள். நான் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தெருமுனைப் புங்க மரத்தில் இரண்டு இணுக்கு ஒடித்து வந்தாள்.

"புளி பொய் சொல்லும்டி. இதுல எண்ணு."

ஐந்தே இலை. வருவா! அடுத்த இணுக்கில் ஏழு. அதுவும் வருவா! நான் தெருவே அதிரக் குதித்தேன். அத்தை சிரிக்கவில்லை. "அம்மா வரணும்னு அம்புட்டு ஆசையாடி?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "நீயும் இரு அத்தை" என்று கூடவே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லையே!

மூன்றாம் நாள் காலையில் அத்தை பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையாம். கூடவே போன நான், எப்ப வருவ என்று பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "புங்கையில எண்ணிப் பாரு" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

பிறகு பசுமலையில் கல்லூரியில் படித்தபோது, தாவரவியல் வகுப்பில் கூட்டிலை பற்றி நடத்தினார்கள். நான் இலை இலையாகக் கிள்ளியதெல்லாம் வெறும் சிற்றிலைகளாம். அந்த முழு இணுக்கும் சேர்ந்துதான் ஒரே இலையாம். புளியில் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகவே முடிந்துவிடும். புங்கையில் ஜோடிகளுக்கு மேலே, நுனியில் ஒன்று தனியாக நிற்கும். எல்லோரும் படம் வரைந்தார்கள். நான் அந்த ஒற்றை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன 'அவ' யாரென்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

அத்தை அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எங்கேயாவது புங்க மரத்தைக் கண்டால் இன்றைக்கும் ஓர் இணுக்கு ஒடித்து எண்ணுகிறேன். எப்படி முடியும் என்று தெரிந்தேதான் எண்ணுகிறேன். வரணும் அத்தை, ஒரே ஒரு தடவை.

அவள் போன அன்று சாயங்காலமே அம்மா வந்துவிட்டாள். "புங்கை சொன்னுச்சும்மா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அம்மா வீட்டுக்குள் வந்ததும் அத்தையின் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள். அத்தை எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.